மேரியம்மா ஏற்றிய விளக்கு

மேரியம்மா இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் விழுப்புரம் காய்கறிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் அவருடைய மகள் ஸ்டெல்லா. "அம்மா விடிகாலைல போயிட்டாங்க சார். சாயந்திரம் எடுக்கறோம்" என்றார். முந்தின நாள்தான் இந்த ஆண்டின் முதல் கோடை மழை பெய்திருந்தது. அப்படி ஒரு மழைக்கு மறுநாள் மேரியம்மா சும்மா படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். முதல் மழையில் மண் நனைந்ததும் ஊரார் மல்லாட்டை என்னும் வேர்க்கடலைக் கொல்லைகளில் புதைந்திருக்கும் கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பும். அவை இடும் முட்டையிலிருந்து வருவதுதான் செடியை மொட்டையடிக்கும் கம்பளிப்புழு. பூச்சி வரத்தைக் கணிக்கப் பெருமுக்கல் பக்கம் ஒரு விளக்குப்பொறி வைத்திருந்தோம். ஒரு பல்பு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். நான் அப்போது திண்டிவனத்தில் வேளாண்மை அலுவலர். மேரியம்மா அந்தப் பொறியைப் பார்த்துக்கொண்ட தினக்கூலிப் பணியாளர். சொந்தமாகக் கையளவு நிலம்கூட இல்லாதவர், ஊரார் நிலத்துப் பூச்சிகளையெல்லாம் அறிந்து வைத்திருந்தார்.

விவசாயிகள் கூட்டத்தில் ஒருமுறை, "அந்துப்பூச்சிக்கு வெளிச்சத்தின் மேல் ஆசை. அதனால்தான் விளக்கில் வந்து விழுகிறது" என்று முழங்கினேன். கூட்டம் முடிந்ததும் மேரியம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆசையெல்லாம் இல்ல சார். பகல்ல வந்தா கரிச்சான் குருவி கொத்திக்கினு பூடும்னு பயந்துதான் இருட்டுல வருது. அதுக்குப் போயி வெளிச்சத்து மேல ஆசை வருமா? கிட்டக்க நின்னு பாருங்க. மேல எது கீழ எதுன்னு தெரியாம மல்லாந்து வுழுது." நான் சிரித்து மழுப்பினேன். பிற்காலத்தில் படித்தேன். இரவில் பறக்கும் பூச்சிகள் வெளிச்சமான பக்கத்தை வானம் என்று கொண்டு அதற்கு முதுகைக் காட்டிப் பறக்குமாம். இயற்கையில் அந்தக் கணக்குத் தப்புவதில்லை. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால், அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பியே சுழன்று மாட்டிக்கொள்ளுமாம். மேரியம்மா எதையும் படித்தவரல்ல, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு வருடம் முதல் மழைக்குப் பின் பௌர்ணமியை ஒட்டிய வாரம் அது. தொட்டியில் நாலைந்து பூச்சிகளுக்கு மேல் விழவில்லை. "பூச்சி நடமாட்டம் இல்லை" என்று எழுதப்போனபோது மேரியம்மா தடுத்தார். "நெலா காயறப்ப பொறில வுழாது சார். வானமே வெளுப்பா கீது, அப்புறம் நம்ம பல்பு எங்க எடுபடும்? பூச்சி நெறைய கீது. எலைக்கு அடியில முட்ட வெச்சிருக்குது, வந்து பாருங்க." நான் போகவில்லை. மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலை அந்த வழியாகத்தான் வண்டியில் போனேன். வயலோரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேரியம்மா கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

கல்யாணம் முடிந்து வந்த சில நாட்களில் புழுக்கள் படைபடையாகக் கிளம்பி ஒரு கொல்லையை முடித்து அடுத்த கொல்லைக்கு ஊர்ந்தன. சாலையைக் கடந்த புழுக்கள் வண்டிச் சக்கரங்களில் நசுங்கிக் கிடந்தன. "மல்லாட்ட மொத்தமும் போச்சே, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கேட்டார். மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். எனக்குப் பயம் வந்தது. "பொறிப் பணியாளர் அந்நாட்களில் விளக்கைச் சரிவர ஏற்றவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேரியம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவர் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். அவர் ஏற்றாத விளக்கால் ஊரே அழிந்தது என்று பேசினார்கள். இரண்டு வருடம் கழித்து, பொறியைப் பார்க்க வேறு ஆள் சரிப்படாமல் மறுபடியும் அழைத்தார்கள். வந்த முதல் நாள், "நல்லாக்கிறீங்களா சார்?" என்றார். உப்பு அரித்த அவருடைய கால்களைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்து, "பல்பு மாத்தணும்" என்றேன். "மாத்திடலாம் சார்" என்றார். ஓய்வு பெறும்வரை அதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்து, ஜெபம் முடியும் நேரம் பந்தலில் டியூப்லைட்டைப் போட்டார்கள். மழை ஈரத்துக்கு அந்துப்பூச்சிகள் வந்து மோதி, மல்லாந்து, சவப்பெட்டியின் மேல் விழுந்தன. யாரும் தட்டிவிடவில்லை. மண் போட்டுவிட்டு வந்த பிறகு ஸ்டெல்லா என்னிடம் வந்தார். "ஊருல யாரு என்னா பேசுனாலும் அம்மா வாயத் தொறக்க மாட்டாங்க சார். 'நான் வெளக்கு ஏத்துனத சார் பாத்துக்கினு போனாரு. அவருக்குத் தெரியும், அது போதும்'னுவாங்க."

கடைசிவரை என்னைத் தன் சாட்சி என்றே அவர் நம்பியிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதற்கு நான் தகுதியானவன் அல்ல. அலுவலகக் கோப்பில் இருப்பது பொய். அதை எழுதியவன் நான். மேரியம்மாவை அறிந்த எல்லோருக்கும், அவரைப் பழித்த எல்லோருக்கும் சொல்கிறேன்: அன்று அந்த விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன்.