டயருக்குக் கட்டிய வீடு

நான் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவராக இருந்த காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் எங்களைவிட லொறிச் சாமான்கள்தான் வசதியாகக் குடியிருந்தன. கராஜில் தோட்டத்து மானேஜர் துரையின் கார் நின்றது. டயர் வாடை அவர் சம்சாரம் துரைசானிக்கு ஆகாது. அதனால் டயர், ஜாக்கி, கிரீஸ் டின் எல்லாம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. என் மனைவி ஒரு டயருக்கு நடுவில் அரிசிப் பானையை வைத்துச் சமாளித்துப் பார்த்தாள். ஒருநாள் சோற்றில் கிரீஸ் வாடை அடித்தது. அத்தோடு அவள் பொறுமை தீர்ந்தது.

"தீவாளிக்குள்ள இந்த டயரெல்லாம் வெளிய போவணும். இல்லாட்டி நான் கந்தப்பளைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க டயரோடயே குடும்பம் நடத்துங்க."

சொன்னால் செய்கிறவள். துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி, கராஜ் சுவரை ஒட்டி ஒரு சின்னச் சாமான் அறை கட்ட அனுமதி வாங்கினேன். ஒரு பக்கச் சுவர் இருக்கவே இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் கல்லும் மண்ணும், மேலே தகரம். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கொத்து வேலைக்கு மேசன் பாஸ் வந்தார்.

வேலை தடங்கலில்லாமல் முடிய வேண்டுமே என்று என் மனைவிக்குத்தான் அவசரம். வழக்கமாக மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்போம். வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுவோம். "இந்த மழைக்கு மஞ்சப் புள்ளையாரு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கமாட்டாரு" என்று சொல்லி, தேயிலை மலையிலிருந்து ஓர் உருண்டைக் கல்லைத் தூக்கிவந்தாள். கராஜ் சுவரோரம், அறை வரப்போகிற இடத்திலேயே நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திவிட்டாள். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை நானும் மெச்சினேன். மடையன்.

மறுநாள் மலைக்குப் போன பெண்கள் முதல் கொழுந்தைக் கிள்ளி வந்து கல்லின் முன்னால் வைத்தார்கள். அடுத்து யாரோ விளக்கேற்றினார்கள். சுவர் எழும்ப எழும்ப பக்தியும் எழும்பியது. மேசன் பாஸ் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விளக்குக்கு மாடம் வைத்தே கட்டினார். தகரம் ஏறிய அன்று நான் ஆசையாக முதல் டயரை உருட்டிக்கொண்டு போனேன். கொழுந்துக்காரப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள்.

"ஏண்ணே, சாமி இருக்கிற எடத்துக்குச் செருப்போட, டயர உருட்டிக்கிட்டா வர்றீங்க?"

சத்தம் கேட்டுத் துரையே இறங்கிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு இது?"

"புள்ளையாருங்க, தொரை" என்றேன்.

"இவருக்கு லொறி இருக்கா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் வேலை போய்விடும். பெண்கள் முதுகுக் கூடையை இறக்காமல் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம்; இவர்கள் கிள்ளப் போகாவிட்டால் நட்டம் துரைக்குத்தான். துரை விவரமானவர். பங்களாவுக்குத் திரும்பினார். நான் டயரை லயத்துக்குத் திருப்பினேன்.

தீபாவளி வந்தது. அவள் கந்தப்பளைக்குப் போகவில்லை. எப்படிப் போவாள்? கல்லை நட்டவளே அவள்தான். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் லயமே அவளைத்தான் தேடி வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்து, சேலையில் கிரீஸ் படாமல் டயர்களைத் தாண்டி, கராஜ் சுவரடிக்குப் போவாள். நான் பக்கத்தில் நிற்பதையும் மறந்து, கைகூப்பி, மனமுருகி வேண்டுவாள்.

"புள்ளையாரப்பா, டயரு வைக்க எங்களுக்கு ஒரு எடத்தக் காட்டுப்பா."