வில்ஃப் பிடுங்கிய விளக்குமாறு

என் தம்பி வில்ஃப் ஹெட்லி தன் வீட்டில் ஒரு பல்பு மாற்றியதில்லை. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இங்கிலாந்தின் வடக்கே எங்கள் சண்டர்லாந்துக் கப்பல் பட்டறைக்குப் பதினைந்து வயதில் போனவன். இரும்புத் தகட்டை அளந்து, அறுத்து, கப்பலின் இடுப்புக்குத் தகுந்த மாதிரி வளைக்கிற வேலை. ஆற்றுக் காற்றில் காது மரத்துப்போகும், அவன் வாயில் விசில் மட்டும் நிற்காது.

பல்பு சங்கதி என்னவென்றால், பக்கத்து வீட்டு ஜாக்கி டாட்ஸ் அதே பட்டறையில் மின்சாரக்காரன். ஆகவே பல்பு ஜாக்கியின் வேலை. பட்டறையில் வழக்கம் அப்படி. தகட்டுக்காரன் தகட்டைத் தொடுவான், தச்சன் மரத்தைத் தொடுவான், பெருக்குகிறவன் விளக்குமாற்றைத் தொடுவான். மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் ஓட்டை போடுவது யார் என்று ஒரு தடவை மூன்று வாரம் வேலைநிறுத்தமே நடந்தது. ஓட்டை போடாத பலகை அத்தனை நாளும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது.

ஒரு குளிர்கால மாலை நான் போனபோது பல்பு போயிருந்தது; வில்ஃபின் பெண்டாட்டி டொரீன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டூல் போட்டு ஏறினா அரை நிமிஷ வேலை. அண்ணி, உங்க தம்பிக்குக் கை இருக்கா இல்லையான்னு கேளுங்க."

"கை இருக்கு. அது ஜாக்கி வேலை. வருவான்" என்றான் வில்ஃப்.

"அவன் சளி புடிச்சுப் படுத்திருக்கான்!"

"சளி போகட்டும்."

நான் ஒரு அதட்டல் போட்டேன். அவன் என் பக்கம் திரும்பினான். "நம்ம அப்பா காலத்த மறந்துட்டியா அக்கா? ஆத்துல ஒரு கப்பல்கூட இல்லாம வருஷக்கணக்கா உக்காந்திருந்தாங்க. அப்ப ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் செஞ்சா, ஒரு வீட்டுல அடுப்பு அணைஞ்சிரும். அடுத்தவன் சோத்துல கை வைக்காதேன்னு சொல்லித்தானே வளத்தாரு?"

அதற்கு டொரீன் ஒரு பதில் சொன்னாள். அதை இங்கே சொல்ல முடியாது.

எண்பத்தெட்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆற்றில் கடைசிப் பட்டறையையும் மூடினார்கள். நஷ்டத்தில் ஓடுகிறதற்கு அரசாங்கம் இனிப் பணம் போடாது என்று லண்டனில் முடிவு. விலைவாசியை அடக்கிவிட்டோம் என்று அப்போதெல்லாம் வானொலியில் ஒரே பெருமை. அடக்கினார்கள், நான் பொய் சொல்லமாட்டேன். அதற்கு எத்தனை வேலையைப் பலி கொடுத்தார்கள் என்று எங்கள் தெருவில் வந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த பணத்தில் பாதிப் பேர் டாக்சி வாங்கினார்கள். தெரு முழுக்க டாக்சி. ஏறத்தான் ஆள் இல்லை.

வில்ஃபுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். விசில் நின்றுவிட்டது. சண்டை போட்டாவது அவனைப் பேசவைக்க டொரீன் பார்த்தாள், நடக்கவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

அதே அரசாங்கம்தான் இரண்டு மூன்று வருஷம் முன்னால் ஜப்பான்காரர்களைச் சலுகை கொடுத்துக் கூட்டிவந்து, பழைய விமானத் திடலில் கார் தொழிற்சாலை வைக்க வைத்திருந்தது. ஒரு இடத்துக்கு ஆயிரம் பேர் மனுப் போட்டார்கள். டொரீன் இவனுக்கும் ஒன்று எழுதிப் போட்டாள். கையெழுத்து மட்டும் இவனுடையது.

தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நேர்முகம் எல்லாம் முடிந்து கடைசியில் ஆறு ஆறு பேராக மேசைக்கு மேசை நிறுத்தி, ஒரு இரும்புச் சட்டத்தைத் திருகாணி போட்டுப் பூட்டச் சொன்னார்கள். ஓரமாக இவாசே என்ற பெரிய அதிகாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வேலையில் எவனோ ஒரு பொடியன் முழங்கை பட்டு வாஷர் டப்பா கவிழ்ந்தது. தரை முழுக்க வாஷர். சுவரோரம் விளக்குமாறு. ஐந்து பேர் குனிந்து பொறுக்கினார்கள். என் தம்பி? கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெருக்குகிறவன் வரட்டும் என்று நின்றான்! மதிப்பெண் போடுகிறவர்கள் அட்டையில் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது இவாசே தானே விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். வில்ஃபுக்குப் பொறுக்கவில்லை. நாலே எட்டில் போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினான்.

"குடுங்க இப்படி! இது உங்க வேலை இல்ல!"

பிடுங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல், எல்லோரும் பார்க்கிறார்களே என்று இரண்டு தள்ளு தள்ளினான். அவ்வளவுதான்.

"போச்சு" என்று வீட்டுக்கு வந்தான். "கம்பெனிக்காரன் கையிலேருந்தே புடுங்கிட்டேன்."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை. டொரீன்தான் வாசித்தாள், பாதியில் அழுதாள், பிறகு சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது. அதிகாரியைப் பெருக்கவிடாமல் தானே முன்வந்து வாங்கிக்கொண்ட மனப்பான்மையைப் பாராட்டுகிறோம் என்று எழுதியிருந்தார்களாம்.

வில்ஃப் சிரிக்கவில்லை. "நான் அதுக்காக வாங்கலயே! அடுத்தவன் வேலைய அவரு செய்யறாரேன்னு வாங்கினேன். இது ஏமாத்து வேலை. நாளைக்குப் போய்ச் சொல்லப்போறேன்."

"சொல்லு, அப்படியே வேலையையும் திருப்பிக் குடுத்துட்டு வா!" டொரீன் கத்தினாள். "மூணு மாசமா சுவரப் பாத்தியே, அந்தச் சுவரு உன்ன ரொம்பத் தேடுது!"

"டேய், வாயை மூடிக்கிட்டுப் போடா" என்று நானும் சொன்னேன். எங்கள் அப்பாவுக்குப் பிறந்த யாரும் வாயை மூடியதில்லை. மறுநாள் சவரம் செய்துகொண்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நானும் டொரீனும் குடித்த தேநீருக்குக் கணக்கில்லை.

மத்தியானம் திரும்பி வந்தான். மொழிபெயர்க்கிற பெண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், அப்பா, அடுப்பு, பல்பு முதற்கொண்டு. இவாசே கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "இங்க பெருக்குறதுக்குன்னு தனியா ஆள் கிடையாது. எல்லாரும் பெருக்குவோம். அப்ப நீ யாரு சோத்துல கை வைக்கிற?"

"நீ என்னடா சொன்ன?" என்றேன்.

"ஒரு ஆளை வச்சா ஒரு வீட்டுல அடுப்பு எரியுமேன்னேன்."

டொரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவரு காலண்டரப் பாத்தாரு. அப்புறம், திங்கக்கிழமை ஏழரைக்கு வந்துருன்னாரு."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது விசில் அடித்தான். டொரீன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பதினாறு வருஷம் அங்கே வேலை பார்த்தான். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கையைக் காலை நீட்டி மடக்க வேண்டும். முதல் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலாளரும் இவனும் ஒரே மாதிரிச் சட்டை, ஒரே சாப்பாட்டுக்கூடம். பட்டறையில் மேலாளர் சாப்பிடுகிற வாசனைகூட எங்கள் ஆட்களுக்கு வராது. கதவு மாட்டினான், பெயிண்ட் பார்த்தான், பெருக்கினான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஜாக்கிக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. ஹாலந்துக்குப் போய் மின்கம்பி இழுத்துவிட்டு, தலை நரைத்துத் திரும்பி வந்தான்.

கார் கம்பெனியைக் கொண்டுவந்தது சரி. கப்பல் பட்டறையை மூடியது தப்பு. இரண்டையும் செய்தது ஒரே ஆட்கள். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைச் சொல்லக்கூடாது என்று கிளப்பில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நான் இரண்டையும் சொல்வேன்.

வில்ஃப் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் பல்பு இன்னும் ஜாக்கியின் வேலைதான். பெண்டாட்டி இறந்த பிறகு ஜாக்கி தனி. பல்பு போனால் கைத்தடியோடு வருவான், மாற்றுவான், பன்றிக்கறியும் பட்டாணி மசியலும் வைத்த ரொட்டி சாப்பிட்டுவிட்டு மாலைவரை இருப்பான். இப்போது வருகிற பல்பு பத்து வருஷம் எரிகிறதாம். ஜாக்கி வருவது குறைந்துபோயிற்று.

போன மாதம் நான் பின்வாசல் வழியாக நுழைகிறேன், சமையலறையில் ஸ்டூல் மேல் வில்ஃப். கை பல்பில். டொரீன் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள்.

"ஐம்பது வருஷம் கழிச்சு ஏறிட்டியா! அது நல்லாத்தானே எரியுது? எதுக்குக் கழட்டுற?"

"ஜாக்கி வந்து மூணு வாரமாச்சு."

"அது அவன் வேலைன்னியே?"

"மாட்டுறதுதான் அவன் வேலை" என்றான் வில்ஃப், மெதுவாக இறங்கிக்கொண்டே. "கழட்டுறது யாரு வேலைன்னு சங்கத்துல பேசி முடிக்கல."

சுவரைத் தட்டி ஜாக்கியைக் கூப்பிட்டான். டொரீன் ரொட்டி அறுக்கப் போனாள், நான் நாலாவது கோப்பையை எடுத்து வைத்தேன்.