கவுன்சிலில் பேசப்பட்ட துடக்கு

என் கணவர் டாக்டர். பிரிக்பீல்ட்ஸில் வீடு, கிள்ளானில் டிஸ்பென்சரி. பிரிட்டிஷ் ரெசிடென்ட் அவரை ஸ்டேட் கவுன்சிலில் உறுப்பினராக்கியபோது, யாழ்ப்பாணத்தான் தோட்டக் கூலிகளுக்காக என்ன பேசிக் கிழிக்கப்போகிறான் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதருக்கு ஏற்ற நாற்காலிதான் கிடைத்திருந்தது.

அவருக்குத் துடக்கு என்றாலே எரிச்சல். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் கழியும்வரை துடக்கு என்பது எங்கள் வழக்கம். இந்தியத் தமிழர் தீட்டு என்பார்கள். அதெல்லாம் மூடத்தனம் என்று நோயாளிகளிடம் பிரசங்கமே செய்வார். நான் பிள்ளை பெற்றபோதெல்லாம் அறைக்குள் வந்து நாடி பிடித்துவிட்டு நேரே சாமியறையில் போய் நிற்பார். என் மாமியாரைச் சீண்டுவதற்கென்றே செய்வது அது.

ஒரு சனிக்கிழமை காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்ற சில நாளிலேயே பால்மரம் வெட்டப்போய், ரத்தப்போக்கில் மயங்கி விழுந்திருக்கிறாள். டிஸ்பென்சரியில் பெண் நோயாளிகளுக்கு நான்தான் துணை. அவள் கண் விழித்ததும் எழுந்து போகப் பார்த்தாள். வேலைக்கு வராவிட்டால் தோட்டத்தார் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று துரை சொல்லிவிட்டாராம். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று இவர் ஆளனுப்பியதற்கு, பெண்களே விரும்பித்தான் வேலை செய்கிறார்கள் என்று பதில் வந்தது.

இவர் விடுவாரா? கவுன்சிலில் எழுந்து ரத்தசோகை, ஜன்னி, பலவீனம் என்று வைத்திய சாஸ்திரத்தையே கொட்டினார். தோட்டத் துரைமார் சார்பில் இருந்த உறுப்பினர், இந்தப் பெண்கள் நம் வீட்டுப் பெண்களைப் போல இல்லை, குதிரை மாதிரித் திடமானவர்கள் என்றாராம். சபை சிரித்ததாம். அன்று சோற்றைத் தொடாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்த மனிதர், திடீரென்று என் முன்னால் வந்து நின்றார்.

“உங்கட துடக்கிலே எதெது செய்யக்கூடாது? வடிவாச் சொல்லும்.”

இதென்ன புதுப் பக்தி என்று கேட்டேன்.

“வெள்ளைக்காரனுக்கு எங்கட ரத்தம் விளங்காது. மதம் எண்டால் விளங்கும்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாம் சொன்னேன். அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளியே போகாமலிருப்பது இந்துக்களின் வழக்கம், அவளைத் தோட்டக் காட்டு வேலைக்கு விரட்டுவது மத விஷயத்தில் கைவைப்பது, சர்க்காருக்கு இது சம்மதமா என்று மட்டும் கேட்டார். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. மத வழக்கத்தில் சர்க்கார் தலையிடாது, தோட்டங்களுக்கு அப்படியே உத்தரவு போகும் என்று ரெசிடென்டே சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்கவேண்டுமே! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாதம் கழிந்து அந்தப் பெண் குழந்தையோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. லயத்து வீட்டையும் யாரும் பறிக்கவில்லை. தீட்டை ஒழுங்காகக் காத்தாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவளும் சிரித்தாள்.

“தீட்டா? எங்க லயத்துல அதெல்லாம் யாரும்மா பாத்தா? மூத்தவனப் பெத்த மூணாம் நாளே பால் வாளி தூக்குனேன். இப்பத்தான் நானும் தீட்டுன்னு படுத்துப் பாத்தேன்.”

ஒரு மாதம் அறைக்குள் போட்டு அடைக்கிறார்களே என்று ஒவ்வொரு பேற்றுக்கும் முணுமுணுத்தவள் நான்.