வெல்லாவெளி வீதிக்குப் பிள்ளையார் வந்த விதம்

வெல்லாவெளி வீதியில் மருதமரத்தடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலின் தலவரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். அவரை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்தான். அப்போது வீதி போடும் அரசாங்கக் கந்தோரில் வேலையாட்களை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். வண்டியில் வந்த மைல்கல் ஒன்று இரண்டாக உடைந்துபோயிற்று. இலக்கம் இல்லாத பாதியை மரத்தடியில் சாத்திவிட்டு, மாட்டுவண்டிகள் மோதாமலிருக்க அதன்மேல் இலைக்குழை ஒன்றை முறித்துப் போட்டேன். செய்த பிழை அவ்வளவுதான்.

யானை திரியும் வீதியில் போகிறவர்கள் குழை முறித்து வைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். குழை கிடந்தால் அங்கே பிள்ளையார் இருக்கிறார் என்று அர்த்தம். மறுகிழமை போனபோது கல்லைக் காணவில்லை. குழைக் குவியல்தான் தெரிந்தது. "ஐயோ, இது கந்தோர்க் கல்" என்று கத்தினேன்.

"எல்லாம் அவர்ர கல்தான் ஐயா" என்றார் குழை வைக்க இறங்கிய ஒரு வண்டிக்காரர்.

முதலில் நாலு கம்பில் தென்னோலைக் கிடுகுக் கூரை போட்டார்கள். அதை யானை பிடுங்கியது. தன் வீடு என்று நினைத்திருக்கலாம். பிறகு செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு, ஓராள் குனிந்து நுழையும் அறை கட்டி ஓடு வேய்ந்தார்கள். கதவுநிலை செய்தவர் பட்டினத்துப் பறங்கித் தச்சர். அவருக்குத் தெரிந்த வளைவு மாதாகோயில் வளைவு, அதையே வைத்தார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

சில வருடங்களில் வீதியை அகலமாக்க உத்தரவு வந்தது. பாதிக் கோயில் புதுவீதிக்கு அளந்த இடத்துக்குள் வந்தது. பழைய கோயில் என்றால் தொடவேண்டாம், புதிது என்றால் இடி என்பது என்ஜினியர் துரையின் கட்டளை. கல் வந்த கதையை நான் ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டில் என் மனைவிக்கு எட்டு மாதம். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்று அவள் நேர்ந்திருந்தது அந்தக் கல்லுக்குத்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"பழைய கோயிலா?" என்று துரை அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"ஓம் துரை. மெத்தப் பழசு" என்றேன்.

வீதி வளைந்து போயிற்று.

பெண்பிள்ளை பிறந்தது, தங்கியது. முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்ததும் மூவரும் கோயிலுக்குப் போனோம். மனைவி பொங்கிப் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, சும்மா நிக்கிறீங்க? கும்புடுங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அவள் தோளில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கந்தோர்க் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். எழும்ப மனம் வரவில்லை.