மையத்தில் வெடிப்பு

அந்த மின்னஞ்சலை வாசித்துக் காட்டிய அதிமேதாவி நான்தான். 2001இல் நீடாமங்கலத்தில் பிரவுசிங் கடை வைத்திருந்தேன். சகாயநாதன் மாமாவுக்கு நாலு ஏக்கர் நெல்வயல், ஒரே மகள். அந்த ஜெனிட்டா, சிலி நாட்டு மலையுச்சியில் தொலைநோக்கி வேலையில் இருந்தாள். ஆங்கில எழுத்தில் அவள் அடித்து அனுப்பும் தமிழை நான் வாசிப்பேன், மாமா கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை வாசித்தது இது: "மையத்தில் பெரிய வெடிப்பு. சுற்றிலும் தூசி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஞாயிறு போன் செய்கிறேன்."

என் கடைப் பலகையிலேயே 'கணினி மையம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆராய்ச்சி மையம் வெடித்துவிட்டது என்று நானே விளக்கமும் சொல்லித் தொலைத்தேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஜெனிட்டாவே எழுதியிருக்குன்னா நல்லாத்தானே இருக்கு, மாமா?"

"எப்ப எழுதினது, தம்பி?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்குச் சனியாச்சே."

அவள் எண்ணுக்கு அடித்துப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை. வீட்டில் மாமிக்குச் சொல்லாமல், மறுநாள் மாதாகோயில் பூசைக்கும் போகாமல், மாமா என் கடை போனருகில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"எங்க கட்டடம் இல்லப்பா! ஒரு கேலக்ஸியோட நடு மையம். அங்க நட்சத்திரம் கூட்டம் கூட்டமாப் பொறக்குது, அதைத்தான் வெடிப்புன்னு எழுதினேன். தூசி மறைக்குது. ஈர நெல்லக் குவிச்சா வெளியில தெரியாது, கைய உள்ள விட்டா சுடும்ல? அப்படி வெப்பக் கதிர வச்சுப் பாத்தோம். ரேடியோ அலையிலயும் அதே இடம்தான் தெரியுது."

மாமா அழுதுகொண்டே சிரித்தார். "எப்பம்மா நடந்துச்சு?"

"கோடி வருசம் இருக்கும்பா. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேருது."

"இப்ப அங்க என்ன நிலவரம்?"

"அது யாருக்கும் தெரியாதுப்பா."

அவர் சிரிப்பு நின்றது. அதன்பின் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே பயத்தோடு வந்தார். "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி அவள் போனை வைத்ததும் நான் கிண்டலாகக் கேட்பேன்: "இப்ப நிம்மதிதானே, மாமா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "அது சொல்லி ரெண்டு நிமிசம் ஆச்சே, தம்பி."