வாத்தியாருக்குக் கட்டிய பல்

மன்னிப்பதெல்லாம் பெரிய மனசுக்காரர்கள் செய்கிற வேலை. பல்லக்காவுக்கு அந்த மனசு கிடையாது. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். "எனக்கு ஒருத்தர் கெடுதல் பண்ணா, அவர் செத்துட்டார்னு சேதி வந்தாலும் சும்மா இருக்க மாட்டேன். நேர்ல போய், நெசமாவே செத்துட்டாரான்னு பாத்துட்டுத்தான் வருவேன்" என்பாள். கேட்டவர்கள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் வேலை. அதனால்தான் பல்லக்கா என்ற பேர். முன்னறையில் டாக்டரம்மா வந்தவர்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார். பின்னறையில் இவள் அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக் கொடுப்பாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைச்சீலை, அவ்வளவுதான். அங்கே ஒரு பழக்கம் உண்டு. மெழுகில் நட்ட பல்லை ஒருமுறை வாயில் வைத்து, கண்ணாடி பார்க்கச் சொல்லி, பேசச் சொல்லிக் கேட்பார்கள். அந்தப் பேச்சைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவள் பல்லக்கா. அவள் காது சரி என்ற பிறகுதான், வாய்க்குச் சொந்தக்காரரும் சரி என்ற பிறகுதான், மெழுகை உருக்கிவிட்டு நிரந்தரமாக வார்ப்பார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

இந்தக் காது அவளுக்கு நாடகத்தில் வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னால் அவள் நடிகை. சரியாகச் சொன்னால், நடிகை ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள். ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, பெஞ்சு துடைத்து, படுதா தைத்து, கூட்டத்தில் நிற்கிற வேஷமெல்லாம் போட்டு, கடைசியில் ராணி வேஷத்துக்கு வந்தாள். குழுவின் தலைவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். கதை, வசனம், ராஜா வேஷம் எல்லாம் அவரே. ராணியின் வசனம் மொத்தமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குளிக்கும்போது ராணி, காய் நறுக்கும்போது ராணி, தூக்கத்திலும் ராணி. "ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க மகாராணி" என்று அவள் அம்மா சலித்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தது வீட்டு நிலவரம்.

முதல் நாடகத்துக்கு முந்தின நாள் உடுப்போடு ஒத்திகை. விளக்கு எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்தாள். வாத்தியார் கையைத் தட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது? பல்லு முதல்ல மேடைக்கு வருது, நீ அப்புறமா வர்றே! இந்த எத்துப்பல்ல வச்சுக்கிட்டு ராணியாம். முன்வரிசைல உக்காந்திருக்கிறவன் பயந்து ஓட மாட்டானா?"

குழுவே சிரித்தது. அவளுக்கு அண்ணன் முறை சொல்லிப் பழகியவர்கள், அவள் கொண்டுபோன சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்றவர்கள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கேயே உடுப்பைக் கழற்றச் சொல்லி வேறொரு பெண்ணுக்கு மாட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வசனம் தெரியாது. அதனால் வாத்தியார் பெரிய மனசு பண்ணி இவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். மறுநாள் நாடகம் முழுக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று, வரி வரியாக எடுத்துக் கொடுத்தாள். கைதட்டலையும் அங்கே நின்றுதான் கேட்டாள். அன்றைக்குக் கறுவியவள்தான். அந்த ஆளை நான் ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

முதல் காரியமாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி மேடை ஏறுவது என்று முடிவு செய்து, புதிதாகப் பலகை மாட்டியிருந்த டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எதுக்குப் பிடுங்கணும்? ஒரு சொத்தை இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. வைரமாட்டம் இருக்கு. எவனோ சொன்னான்னு நல்ல பல்லைப் பிடுங்க என்னால முடியாது. வேற வேலை இருந்தா பாரு."

"வேற வேலை இல்லை" என்றாள் இவள். அழுகையும் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு அப்போது கூடமாட உதவ ஆள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவு கரைக்க உட்கார்ந்தவள்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், உண்மை. அடுத்த வருஷம், தான் நட்ட பல்லோடு ஒரு தையற்காரர் திரைக்கு அந்தப்பக்கம் தன் மனைவியை வாய் நிறையத் திட்டுவதைக் கேட்டாள். பல் போன நாளிலிருந்து அந்த ஆள் திட்டியதே இல்லையாம். அந்த அம்மாளுக்கு ஆனந்தக் கண்ணீர். இவளுக்கும் உடம்பெல்லாம் ஒரு குஷி ஓடியது. அதன் பிறகு வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. பஸ் கண்டக்டருக்குப் பல் நடும்போது கண்டக்டர் மாதிரி கத்திப் பார்ப்பாள். வக்கீலுக்கு நடும்போது வாதாடுவாள். பிரசங்கியாருக்கு நட்ட மாதம் முழுக்க எல்லோரையும் நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். "நாடகத்துல ஒரே ஒரு வேஷம். இங்க தினம் ஒரு வாய்" என்பாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் அவளுடைய பல்லைப் பார்த்துத்தான் மயங்கினாராம். தினமும் ஒரு தடவையாவது அவளைச் சிரிக்க வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. மேடை ஆசை எந்த வருஷம் போனது என்று அவளுக்கே தெரியாது. வஞ்சம் மட்டும் போகவில்லை. அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

வந்தார் ஒருநாள் வாத்தியார். குரலைக் கேட்ட மாத்திரத்தில் அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி நின்றுவிட்டது. திரை இடுக்கில் பார்த்தாள். ஆள் வற்றிப்போயிருந்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை.

"பழைய நாடகத்தையே மறுபடி போடுறோம் டாக்டர். ராஜா நான்தான். வேற இடத்துல கட்டின செட்டு ஒத்திகையில கழண்டு மந்திரி மடியில விழுந்துடுச்சு" என்றார். தானே சிரித்தும் கொண்டார்.

பல்லக்கா திரைக்குப் பின்னால் தெய்வங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொன்னாள். வசமாக வந்து மாட்டியிருக்கிறார் மனுஷன்!

அன்றே திட்டம் தயார். முன்பல்லை உள்பக்கமாக மயிரிழை அளவு தள்ளி நட்டால் போதும், ச வருகிற இடமெல்லாம் விசில் அடிக்கும். அப்படியே நட்டாள். இத்தனை ரசித்து அவள் எந்தப் பல்லையும் நட்டதில்லை. வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். "என்ன, யாருக்காவது கை கால் உடைஞ்சுதா?" என்று கேட்டார் கணவர். அவருக்கு மனைவியைத் தெரியும்.

மெழுகுப் பல்லை மாட்டிக்கொண்ட வாத்தியார் கையை நீட்டி முழங்கினார். "சிங்காசனம் சும்மா கிடைத்ததல்ல, சேனாதிபதி!" ஒவ்வொரு ச-வுக்கும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவருக்குக் காது மந்தம், கேட்கவில்லை.

"பிரமாதம். இப்படியே முடிச்சுக் குடுங்க" என்றார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்துக் கேட்டார். "என்னக்கா, சரியா இருக்கா?"

'சரி' என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. மேடையில் ராஜா வாயைத் திறப்பார், சபை வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிரிப்பை அவள் முழுசாக மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். எவ்வளவு இனிப்பாக இருந்தது! ஆனால் அதற்கு அடுத்ததும் கேட்டது. எந்த மடையன் கட்டிய பல் என்று வாத்தியார் கத்துவார், கழற்றி எறிவார், இன்னொரு இடத்தில் போய்க் கட்டிக்கொள்வார். கெடுவது டாக்டரம்மா பேர். அடித்தது யார் என்றே தெரியாமல் விழுகிற அடி என்ன அடி? அப்படிப்பட்ட பழியை இத்தனை வருஷம் கட்டிக் காத்ததற்கு அர்த்தமே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும். அதுவும் அவரே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட பிறகு தெரிய வேண்டும்.

"காத்து வருது. இன்னொரு தடவை நடணும்" என்றாள் பல்லக்கா.

அன்று சாயங்காலம் அலமாரியைக் குடைந்தாள். தொழில் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தங்கள் வாயைத்தான் அச்செடுத்துப் பழகுவார்கள். அவளும் அப்படிப் பழகியவள். அவளுடைய சொந்த வாய், வெள்ளை மாவில், அச்சு அசலாகக் கிடைத்தது. இரண்டு முன்பல்லும் எட்டிப் பார்த்தபடி, ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறியபடி, இடப்பக்கக் கோரைப்பல் சற்றே திரும்பியபடி. அதை முன்னால் வைத்துக்கொண்டு வாத்தியாருக்குப் பல் நட்டாள். அப்படி முன்னால் தள்ளி நட்டால் செட்டு ஆடும். ஆடாமலிருக்கக் கீழ்ச்செட்டைக் கழற்றிக் கழற்றி மூன்று விதமாக நட்டுப் பார்த்தாள். இந்தப் பல்லோடு எப்படிப் பேசினால் வார்த்தை சுத்தமாக விழும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? நடும்போது ராணியின் வசனத்தை முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வரிகூட மறக்கவில்லை.

வாத்தியார் மறுபடி வந்து மாட்டிக்கொண்டார். கண்ணாடியை வாங்கி இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார், சிரித்துப் பார்த்தார்.

"என்னமோ ஒரு களை வந்திருக்கே டாக்டர்! முன்ன கட்டினதெல்லாம் சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும். இது உசிரோட இருக்கு. மேடைக்குன்னே செஞ்ச பல்லு."

வசனம் பேசினார். கல்லில் வெட்டினாற்போல் விழுந்தது. டாக்டரம்மா வாத்தியாரின் வாயைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எழுந்து பின்னறைக்கு வந்தார்.

"அக்கா, இது யாரோட பல்லு?"

"அவர் சரின்னுட்டாரா?"

"ரெண்டு தடவை சொல்லிட்டார்."

"அப்ப வார்த்துடலாம்."

"நீ பொல்லாதவக்கா" என்றார் டாக்டரம்மா. பல்லக்கா அதை மறுக்கவில்லை. மெழுகை உருக்கப் போய்விட்டாள்.

செட்டு தயாரானது நாடகம் நடக்கிற அன்று காலையில். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, முகமூடியோடு முன்னறைக்கு வந்தாள். வாத்தியார் மாட்டிக்கொண்டு, அடைத்துக் கிடந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு முழக்கம் விட்டார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அற்புதம்! யாரும்மா செஞ்சது?"

"நான்தான்" என்று முகமூடியை இறக்கிச் சிரித்தாள் பல்லக்கா. நன்றாக, எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி.

வாத்தியார் அந்த வாயையே பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ... நீ அந்த..." பேர் நினைவுக்கு வரவில்லை. தான் வைத்த பட்டப்பேர்தான் வந்தது. "எத்துப்பல்லு!"

"ஆமா, அதேதான். பேரை நல்லா சுத்தமா சொல்றீங்க. என் பல்லுன்னா அப்படித்தான் வரும்."

அவர் கை தானாக வாய்க்குப் போனது. கழற்றலாம். கழற்றினால் சாயங்காலம் ராஜா பொக்கை வாயோடு நிற்க வேண்டும். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினார். அந்தக் கை இறங்கியதைப் பார்த்தபோது பல்லக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. குரலைக் குழைத்துக்கொண்டார். "அம்மா, ராஜமாதா வேஷம் ஒண்ணு சரியா அமையாமக் கிடக்கு. உனக்கு அத்தனை வசனமும் தெரியும். வந்துடேன். வர்ற வாரமே மேடை ஏத்திடறேன்."

பல்லக்கா காத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஒத்திகைக்குக் கூப்பிட்டால் நெஞ்சு தூக்கிப் போடுமே, அது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் மேஜைமேல் பாதி நட்டு வைத்திருக்கும் கீழ்ச்செட்டின் நினைப்புதான். சந்தையில் மீன் விற்கிற அம்மாளுடையது. அந்த அம்மாளின் கூவல் இன்னும் சரியாக அமையவில்லை, காலையிலிருந்து இவளே கூவிக் கூவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை விட்டுவிட்டு மாதக்கணக்காக ஒரே ராஜமாதாவாக யார் நிற்பது? அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷமாக இருந்தது.

"எனக்கு உள்ள வேலை கிடக்கு. வேற ஆளைப் பாருங்க."

"அப்ப என்னை மன்னிச்சுடும்மா. அன்னிக்கு ஏதோ வாய் தவறி..."

"அதெல்லாம் முடியாதுங்க" என்றாள், மரியாதையாகத்தான். பிறகு, பல்செட் வாங்குகிற எல்லோருக்கும் சொல்கிறதை ஒரு வார்த்தை விடாமல் அவருக்கும் சொன்னாள். "படுக்கப் போறப்ப கழட்டிச் சுத்தமான தண்ணியில போட்டு வைக்கணும். காலைல எந்திரிச்சதும் முதல் வேலையா இதைக் கழுவணும். மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிக்கங்க, அழுத்தித் தேய்ச்சுடாதீங்க. கைதவறிக் கீழ விட்டா போச்சு. கண்ணு மாதிரி பாத்துக்கணும், என்ன?"

"சரிம்மா" என்று தலையாட்டினார் வாத்தியார். எழுந்து வாசல்வரை போனவர், நின்று திரும்பிக் கேட்டார். "இது எத்தனை நாளைக்கு வரும்?"

"உங்க காலத்துக்கும் வரும்" என்றாள் பல்லக்கா.