ஸ்பேனர் பக்கத்தில் இன்சுலின் பேனா

என் மகள் நித்யா தம்பியோடு சண்டை போடுவதை நிறுத்தினாள். முதல் அறிகுறி அதுதான். “புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு” என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிவி ரிமோட்டுக்காக வீட்டை ரெண்டாக்குகிறவள், கேட்டதும் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பொறுப்பா?

அவளுக்கு முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோவது) வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. தினமும் நான்தான் ஊசி போடுவேன். ஒரு நாள் காலை, வேண்டாம் என்றாள்.

“எதுக்கும்மா? போட்டா நாளைக்கு மறுபடியும் போடணும்.”

அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஊசி நின்றால் பிள்ளை பிழைக்காது. கெஞ்சிக் கூத்தாடிப் போட்டுவிட்டு, ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறினோம்.

“இது அடம் இல்லீங்கம்மா, மனச்சோர்வு. எதுலயும் மனசு ஒட்டாமப் போற நோய்” என்றார் டாக்டர். “சர்க்கரை இருக்கிற பிள்ளைங்களுக்கு வர்றதுதான். இதுக்கும் வைத்தியம் இருக்கு.”

இது வேறா என்று கோபம்தான் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. ஆனாலும் பெயர் தெரிந்துவிட்டால் மல்லுக்கட்டலாம். வாராவாரம் மனநல ஆலோசகரிடம் போனோம். சாப்பாட்டுக்குத் தக்கபடி அளவு வைக்க டாக்டர் அவளுக்கே சொல்லிக்கொடுத்து, இன்சுலின் பேனா (அளவைத் திருகிப் போடும் ஊசி) எழுதித் தந்தார். ஓசூரில் அது அப்போது புதிது. அளவை அவள் திருகித் தருவாள், நான் போட்டுவிடுவேன். சில மாதம் கழித்து, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டுத் தம்பியைக் கிள்ளினாள். நான் கண்டிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி ஊரில் அதுதான் பெரிய பண்டிகை. ஃபிட்டரான என் கணவர் ஸ்பேனர்களைத் துடைத்து வைத்தார். நான் கத்தரிக்கோலை வைத்தேன். நித்யா இன்சுலின் பேனாவுக்குக் குங்குமம் இட்டு, ஸ்பேனர் பக்கத்தில் வைத்தாள்.

“நானும் தெனமும் இத வச்சுத்தானே வேல செய்யறேன்” என்றாள்.

சாப்பிட உட்காரும்போதுதான் விழித்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. என் கணவர் தலையைச் சொறிந்தார்.

“சாமி முன்னால வச்சத எப்படி எடுக்கறது கண்ணு? மெடிக்கல்ல வேற வாங்கியாரட்டா?”

“ஸ்பேனருக்கு லீவு விடுங்கப்பா. எனக்குப் பசிக்குது.”

பசிக்கிறது என்று அவள் சொல்லிக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. எழுந்து போய்ப் பேனாவை எடுத்தாள். புது ஊசியை மாட்டி, அளவைத் திருகி, முதல் முறையாகத் தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டாள். அவள் உடம்பை ஆளில்லாத வீடு போல நான் காவல் காத்து வந்தேன். வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தைப் பார்க்கும் நான் அன்று பார்க்கவில்லை. சுண்டலை அளந்து ஒரு கரண்டி வைத்தேன். தட்டை நகர்த்தாமல் என்னைப் பார்த்தாள்.

“இன்னொன்னு வைம்மா. அதுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்.”